குடிக்காத மோர்

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. காலையில் விசிலைக் காணாமல் வீட்டைப் புரட்டிப் போட்டேன். கடைசியில் ஊறுகாய் அலமாரியில் கிடைத்தது. ஒளித்து வைத்தது எங்க வீட்டுக்காரர், இவர்தான். கோடை லீவில் வீட்டுக்குள்ளேயே விசில் அடித்துவிடுவேனோ என்று பயமாம்.

நேற்று நடந்ததை எழுத மறந்துவிட்டேன். எங்கள் வேங்கிக்கால் வளர்பிறை மகளிர் மன்றத்துக்கு இந்த வருஷம் நான் தலைவி. தேர்தல் கீர்தல் ஒன்றும் இல்லை. பேர் எழுதிக் குலுக்கிப் போடுவோம். எவள் பேர் வருகிறதோ அவள் மாட்டினாள். வினோதினி சீட்டைப் பிரித்து "மணிமொழி டீச்சர்" என்று படித்ததும் எல்லார் முகத்திலும் ஒரு கலக்கம். பி.டி. டீச்சர் ஆயிற்றே, வருஷம் முழுக்க ஓட விடுவாளே என்று.

செயலாளர் வேதாதான். எப்போதும் அவள்தான். இந்த நகரில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வருஷம் வீடு கட்டினோம்; அப்போது செங்கல்லுக்குத் தண்ணீர் ஊற்றும்போது பிடித்த சிநேகம். அவள் வீட்டுக்காரர் முருகவேல் அண்ணனுக்குக் கோயில் பக்கம் லாட்ஜ். மன்றத்தின் பெரிய செலவெல்லாம் அவருடையது. அதனால் எங்கள் பேனரில் மன்றத்தின் பெயரைவிட அவருடைய அப்பா பெயர் பெரிதாக இருக்கும்.

போன வருஷம் மரக்கன்று நட்டோம். நட்ட அன்றைக்கு எடுத்த போட்டோ இருக்கிறது. மரம் இல்லை. இந்த வருஷம் போட்டோவுக்கு அப்புறமும் நிற்கிற மாதிரி ஏதாவது செய்தாக வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய். பௌர்ணமி

அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில், கிரிவலப் பாதையில், எங்கள் மோர்ப் பந்தல். ஒன்பது வருஷமாக ஒரே புங்கமரத்தடி. இஞ்சியும் பெருங்காயமும் தட்டிப்போட்டு வேதா கரைக்கிற மோருக்கு ஈடு கிடையாது. "நீங்க எல்லாம் சுத்திட்டு வாங்க, நான் பந்தலைப் பாத்துக்கறேன்" என்றாள், வழக்கம்போல. அவள் மலை சுற்றி நாலைந்து வருஷம் இருக்கும். கடைசியாக வந்தபோது பாதி வழியில் யாருடைய தண்ணீர்க் குடத்தையோ வாங்கி, மொத்தத்தையும் தன் மேலேயே கவிழ்த்துக்கொண்டு நின்றாள். அதைச் சொல்லி இன்னும் அவளைக் கிண்டல் செய்கிறோம். இன்றைக்கும் செய்தோம். அவளும் சிரித்தாள்.

எனக்கு முட்டி வலி. நானும் சுற்றப் போகாமல் டம்ளர் நீட்டிக்கொண்டு நின்றேன். பத்து வருஷம் ஓட்டப் பந்தயத்தில் எவள் கோட்டைத் தாண்டுகிறாள் என்று பார்த்துப் பழகின கண், சும்மா இருக்காது. ஆம்பளைகள் வாங்கினால் அங்கேயே குடிக்கிறார்கள். பெண்கள் வாங்கி வீட்டுக்காரரிடமோ பிள்ளையிடமோ கொடுக்கிறார்கள். கொடுக்க ஆள் இல்லாதவர்கள் இரண்டு அடி தள்ளிப்போய், நாம் பார்க்காதபோது மரத்தடியில் ஊற்றுகிறார்கள்.

ஒருத்தியைப் பிடித்துவிட்டேன். செஞ்சிப் பக்கமாம். "ஏம்மா, மோர் நல்லா இல்லியா?"

"நல்லாத்தான்கா இருக்கும். குடிச்சா எங்க போறது? மத்தியானத்துலேர்ந்தே நான் தண்ணி வாயில வெக்கல."

சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு போய்விட்டாள். நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 11, புதன்

அந்தப் புங்கமரம் மட்டும் ஏன் அவ்வளவு செழிப்பாக இருக்கிறது என்று இப்போது புரிகிறது.

ஒன்பது வருஷம். குடிக்க முடியாதவளிடம் குடி, குடி என்று நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறோம். அவளும் பாவம், சாமி காரியம், வேண்டாம் என்று சொன்னால் தப்பு என்று வாங்கிக்கொண்டிருக்கிறாள். பௌர்ணமிப் பாதையில் பத்தடிக்கு ஒரு அன்னதானம். பொங்கல், சுண்டல், எலுமிச்சை சாதம், பானகம். வாய்க்குப் போட ஊரே திரண்டு நிற்கிறது. அதற்கப்புறம் உடம்பு என்ன செய்யும் என்று எவருக்கும் தோன்றவில்லை. கழிப்பிடம் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். லட்சக்கணக்கில் வருகிற கூட்டத்துக்கு அது எந்த மூலைக்கு? ஆம்பளைக்கு ஒரு புதர் போதும். இவள் என்ன செய்வாள்? மத்தியானத்திலிருந்தே வாயைக் கட்டுவாள்.

என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் இதைத்தானே செய்கிறார்கள். எங்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. தானாக வந்துவிடுகிறது.

மோர் வேண்டாம். கழிப்பறை கட்டணும். அவ்வளவுதான்.

ஜூன் 15, ஞாயிறு

வேதா வீட்டு ஹாலில் கூட்டம். சொன்னேன். டிபன் தட்டில் கை வைத்தவர்கள் எல்லாரும் கையை எடுத்துவிட்டார்கள்.

அருணாதேவிதான் முதலில் வாயைத் திறந்தாள். பூஜை, விரதம் எல்லாம் அவள் சொன்னால்தான் மன்றத்தில் செல்லும். "கிரிவலப் பாதை டீச்சர். அஷ்ட லிங்கமும் இருக்கிற எடம். செருப்பு கூடப் போடாம நடக்கறோம். அங்க போயி..."

"அங்கதான் போயாவணும். எல்லாரும் அங்கதானே நடக்கறாங்க."

"சாமிக்கு அடுக்குமா?"

எனக்கு வந்ததே கோபம். "அந்தச் சாமி யாரு அருணா? பாதி உடம்ப அம்மனுக்குக் குடுத்தவரு. தீபத்தன்னிக்கு அர்த்தநாரீஸ்வரரா ஆடிக்கிட்டு வெளியில வராரு, கன்னத்துல போட்டுக்கறோம். பாதி பொம்பளையா இருக்கிறவருக்கு இது தெரியாதா?"

தேவிப்ரியா கைதட்டிவிட்டாள். மன்றத்தில் எல்லாரையும்விடச் சின்னவள். கம்ப்யூட்டர் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாள். அவள் கைதட்டினதும் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். நான் வேதாவைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை பேசினால் போதும், மன்றமே பின்னால் வரும். அவள் எழுந்து காபி கொண்டுவரப் போனாள். போனவள் கூட்டம் முடிகிற வரைக்கும் அடுப்படியை விட்டு வரவில்லை.

ஜூன் 16, திங்கள்

வேதா ஏன் பேசவில்லை? கேட்கப் போவதில்லை. அவளாகச் சொல்லட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

முருகவேல் அண்ணனே வீட்டுக்கு வந்துவிட்டார். வேதாவும் கூட. நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"டீச்சர், எங்க அப்பா பேருல நடக்கற பந்தல் அது. அந்த எடத்துல கக்கூஸ் கட்டி அதுலயும் எங்க அப்பா பேரப் போடுவீங்களா?"

"பேரு போடவே வாணாம்ணா. கட்டினா போதும்."

"பேரு போடாம எதுக்குக் கட்டறது?"

பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. இவர் காபி டம்ளரோடு என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், பொறு என்று. பொறுத்தேன். அண்ணன் மரியாதையாகத்தான் பேசினார். மோர் என்றால் என்றைக்கும் தருவாராம். இந்த வேலை என்றால் அவரை விட்டுவிட வேண்டுமாம். பந்தலையும் அவரே நடத்திக்கொள்வாராம்.

"சரிங்கண்ணா. விட்டுடறோம்" என்றேன்.

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. வேதா அப்போதுதான் தலையைத் தூக்கினாள். அவள் கண்ணில் இருந்தது என்ன? கோபமா, கெஞ்சலா? இருபது வருஷம் பழகினவள் கண்ணை என்னால் படிக்க முடியவில்லை.

அவர்கள் போனதும் இவர் கேட்டார்: "ஆழம் தெரிஞ்சுதான் கால விடறியா?"

"விட்டாச்சு. இனிமே ஆழம் பாத்து என்ன ஆவப்போவுது?"

ஜூலை 6, ஞாயிறு

இடம் கிடைத்துவிட்டது. எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

அடி அண்ணாமலையில் பாதையை ஒட்டி ஜோதியம்மாளுக்குப் பட்டா நிலம். முன்னால் வீடு, பௌர்ணமிக்கு வாசலில் பூவும் கற்பூரமும் விற்பாள். பின்னால் மாடு கட்டியிருந்த கொல்லை, இப்போது காலி. நானும் தேவிப்ரியாவும் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னோம். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள்.

"நீ கட்னாலும் கட்டாட்டியும் எங்கொல்லையிலதான் வந்து குந்தறாளுங்க. பௌர்ணமியானா கொம்ப எடுத்துக்கினு நிக்கறேன். தொரத்தவும் மனசு வரல, வுடவும் முடியல. கட்டிட்டுப் போ."

"வாடகை எதாவது..."

"வாடகை வாணாம். பேரு போடணும்."

"உங்க வூட்டுக்காரர் பேரா?"

"அவரு பேரு எதுக்கு? இருந்த வரைக்கும் அவரு இன்னா கட்னாரு? ஜோதியம்மாள்னு போடு. பெருசா போடு. ரோட்டுலேர்ந்து தெரியணும்."

எவ்வளவு பெரிய ஆளெல்லாம் கூசின பெயர்ப் பலகை. இவள் கேட்டு வாங்குகிறாள்.

ஜூலை 10, வியாழன். பௌர்ணமி

புங்கமரத்தடியில் பந்தல் போட்டிருக்கிறார்கள். லாட்ஜ் ஆட்கள் மோர் ஊற்றுகிறார்களாம், வேதா கரைத்துக் கொடுத்தாளாம். நான் அந்தப் பக்கமே போகவில்லை. தெருவில் பார்த்தால் வேதா சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன். சாயங்காலம் சேர்ந்து நடப்பது நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

ஊராட்சியில் சொல்லியாயிற்று. மன்றத்தில் அவரவர் முடிந்ததைப் போட்டார்கள். வினோதினி ஏசி வாங்கச் சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தைக் கொடுத்தாள். இந்த வருஷமும் விசிறிதான் என்று அவள் பிள்ளைகள் முறைக்கிறார்களாம். அருணாதேவி கொடுக்க மாட்டாள் என்று நினைத்தேன். கொடுத்துவிட்டு, "வாசல்ல மட்டும் மஞ்சத் தண்ணி தெளிச்சிடுவேன், தடுக்கக் கூடாது" என்றாள். தெளிச்சுக்கோ தாயே.

இன்றைக்கு நல்ல நாள். கழிவுத் தொட்டிக்குப் பள்ளம் எடுத்தார்கள். ஜோதியம்மாள் முதல் கடப்பாறை தான் போடுவேன் என்று போட்டாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பள்ளத்தை மூடிவிட்டார்கள்.

யார் என்று தெரியவில்லை. பௌர்ணமிக் கூட்டத்தோடு கூட்டமாக வந்து வேலையைக் காட்டியிருக்கிறார்கள். வெட்டின மண்ணையே தள்ளி, மேலே பழைய தட்டி, குப்பை, உடைந்த கல் எல்லாம் கொட்டியிருக்கிறார்கள். கொத்தனார் கருப்பன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "இதுல வம்பு ஜாஸ்தியா இருக்கும் போலிருக்குங்க டீச்சர். ஆளுங்க வரமாட்டேன்றாங்க."

"வரலன்னா போங்க" என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ. மண்வெட்டியை எடுத்தேன். பி.டி. டீச்சருக்குக் குனிந்து நிமிரச் சொல்லியா தர வேண்டும்? தேவிப்ரியா சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டாள். போன் பண்ணினதும் வினோதினி நைட்டி மேல் துண்டோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். அருணாதேவி விரதத்தோடு வந்தாள். மண்ணை அள்ளிக் கொட்டத் தெரியாமல் பாதி தன் தலையிலேயே கொட்டிக்கொண்டாள். விசில் அடித்து வரிசை வைத்து, ஒருத்தி வெட்ட, ஒருத்தி அள்ள, ஒருத்தி கை மாற்ற என்று நிறுத்தினேன். பாதையில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எதிர்க் கடைக்காரர் ஒருவர், "இன்னா டீச்சர், புதையலா?" என்றார்.

"ஆமாங்க. உங்க வூட்டு அம்மாவ அனுப்புங்க, பங்கு தரோம்."

மத்தியானம் கருப்பனே இறங்கிவிட்டார். பொம்பளைங்க வெட்டறதைப் பாத்துக்கிட்டு நிக்க வெக்கமா இருக்குதாம். சாயங்காலம் பள்ளம் முன்பிருந்ததைவிட ஒரு முழம் ஆழமாக இருந்தது. மூடினவர்களுக்கு நன்றி.

உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். பேனா பிடிக்க முடியவில்லை. ஆனால் என்ன ஒரு சந்தோஷம். வேதா மட்டும் இல்லை. இருந்திருந்தால் எல்லாருக்கும் மோர் கரைத்துக் கொண்டுவந்திருப்பாள். சே, எதுக்கு இப்ப அவ ஞாபகம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இனிமேல் யாராவது மூட வந்தால், கொம்போடு தான் இருப்பதாக ஜோதியம்மாள் சொல்லி அனுப்பியிருக்கிறாள். நான் தூங்கலாம்.

செப்டம்பர் 7, ஞாயிறு. பௌர்ணமி

கிரகணம். இன்றைக்குத் திறப்பு விழா கூடவே கூடாது என்று அருணாதேவி. கிரகணத்துக்காக யாருக்கும் நின்றுவிடப் போவதில்லை என்று நான். கதவே இன்னும் வரவில்லை என்று கருப்பன். அடுத்த பௌர்ணமிதான்.

அக்டோபர் 6, திங்கள். பௌர்ணமி

எழுதவே கை வரவில்லை.

எல்லாம் அழகாகத்தான் செய்தோம். வரிசையாக அறைகள், ஓடுகிற தண்ணீர், வாளி, கொக்கி, தாழ்ப்பாள், விளக்கு. வாசலில் வாழைமரம். சீரியல் செட். ரோட்டைப் பார்த்து, தேவிப்ரியா செய்துகொண்டு வந்த மின்னுகிற பலகை: ஜோதியம்மாள் பெண்கள் கழிப்பறை. அன்னதானத்துக்கு வைப்பது போல மைக் செட். நான்தான் மைக்கைப் பிடித்தேன். "தாய்மார்களே, வாருங்கள், வாருங்கள், பெண்களுக்கான கழிப்பறை, சுத்தமான கழிப்பறை, தயங்காமல் வாருங்கள்." பி.டி. டீச்சர் குரல். அடுத்த லிங்கம் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஒருத்தி வரவில்லை.

மைக்கில் நான் கூப்பிடக் கூப்பிட, பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தார்கள். இரண்டு பேர் வாசல் வரைக்கும் வந்தார்கள். பலகை வெளிச்சம் முகத்தில் பட்டதும் திரும்பிவிட்டார்கள். எதிர்க்கடையில் ஆம்பளைகள் டீ குடித்துக்கொண்டு எவள் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பின்பக்கம் போய்ப் பார்த்தால், எங்கள் கட்டடத்துச் சுவருக்குப் பின்னால், இருட்டில், முள்ளில் ஒதுங்குகிறார்கள். ஐயோ. கட்டினது சுவர் மறைவுக்குத்தான் ஆயிற்று.

புங்கமரத்தடியில் முருகவேல் அண்ணன் ஆட்கள் சிரித்தது எனக்குக் கேட்டது.

அக்டோபர் 7, செவ்வாய்

"எங்க பேரு வாணாம்னது நல்லதாப் போச்சு" என்று முருகவேல் அண்ணன் கடைத்தெருவில் சொன்னாராம். இவர் கேட்டுவிட்டு வந்து சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம்.

வரமாட்டாங்களா? வரவே மாட்டாங்களா? வெக்கப்பட்டுக்கிட்டே சாவுங்க, எனக்கென்ன. இல்ல. அப்படி விட முடியாது. அடுத்த பௌர்ணமிக்கு இன்னும் பெரிய பலகை வைப்பேன். வெட்கப்பட வேண்டியது அவர்களா? எதிர்க்கடையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தவர்களா?

அக்டோபர் 12, ஞாயிறு

வேதா வந்தாள். தனியாக. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "ஜோதியம்மா எடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

போனோம். ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தாள். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். குழாயைத் திறந்து மூடினாள். அப்புறம் வெளியே வந்து பலகையை அண்ணாந்து பார்த்தாள்.

"மணி, நீ இப்படிப் போவியா? ஊரே பாக்க, மைக்ல கூப்பிட, லைட்டுக்குக் கீழ?"

"போவேன்."

"நீ போவ. நான் போவ மாட்டேன்."

"அப்ப வெக்கத்துக்கு நான் பந்தி வெக்கணுமா? இது தப்பு காரியமா, ஒளிச்சு வெக்க?"

"ஒளிக்க வாணாம். ஒரு மறைப்பு வேணும், அவ்ளோதான். முன்னாடி தட்டி கட்டு. உள்ள பாய் போடு. கால நீட்ட, தல வார, கொழந்தைக்குப் பால் குடுக்க. மோர் அங்க ஊத்துவோம், பொம்பளைங்களுக்கு மட்டும். தாய்மார் இளைப்பாறும் எடம்னு வெளியில போடு. கழிப்பறைன்னு உள்பக்கம் எழுது, எவ்ளோ பெருசா வேணும்னாலும் எழுது. ஒருத்தி உள்ள போனா எதுக்குப் போறானு எவனுக்கும் தெரியாது."

எனக்கு உறைத்தது. ஆனாலும் கோபம் போகவில்லை. நாலு மாசமா எங்கடி போன என்று கேட்டே விட்டேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஜோதியம்மாள் பூக்கூடையை எடுத்துக்கொண்டு நாசூக்காக வீட்டுக்குள் போய்விட்டாள்.

வேதா குழாயடிக்குப் போய் முகம் கழுவினாள். அப்புறம் சொன்னாள்.

"கர்ப்பப்பை எடுத்ததுலேர்ந்து என்னால அடக்க முடியல மணி. வந்தா வந்ததுதான். அன்னிக்குக் கொடத்தக் கவுத்துக்கிட்டேன்ல, கை தவறியா கவுத்தேன்? பொடவ நனைஞ்சுபோச்சு. எல்லாரும் பாக்கறதுக்குள்ள மேல தண்ணிய ஊத்திக்கிட்டேன். நீங்க எல்லாம் சிரிச்சீங்க. நல்லவேளை சிரிச்சீங்க. அதுக்கப்பறம் மலை சுத்தறதையே விட்டேன். அன்னிக்குக் கூட்டத்துல நீ பேசினப்போ நான் வாயத் தொறந்தா அழுதுடுவேன்னுதான் அடுப்படிக்குப் போனேன். இவருக்குக் கூட முழுசா சொல்லல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படியே குழாயடிக் கல்லில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். ஜோதியம்மாள் வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "டீ வாங்கியாரட்டா?" என்றாள். வேதா, "வேணாம்மா" என்றாள். அப்புறம் அவளே சிரித்துவிட்டு, "இல்ல, வாங்கியாங்க. இங்க குடிக்கலாம்" என்றாள்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

வேதா அதிரசம் கொண்டுவந்தாள். கல் மாதிரி இருந்தது. சொன்னேன். நாலு மாசம் கழித்து முதல் செல்லச் சண்டை. நிம்மதியாக இருந்தது.

நவம்பர் 2, ஞாயிறு

வேதா அவள் வீட்டில் பேசிவிட்டாளாம். எப்படிச் சொன்னாள் என்று கேட்டுக் கேட்டு வாங்கினேன். அண்ணன், "எங்க அப்பா பேருல ஊத்தற மோர அங்க கொண்டுபோவியா?" என்றாராம். இவள், "மாமா பேருலதான் ஊத்தறோம். ஆனா ஒன்பது வருஷமா கரைக்கிறது நான். கரைக்கிறவளுக்குத் தெரியும் எங்க ஊத்தணும்னு" என்றாளாம். சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். குடம் கவிழ்ந்த கதை உட்பட.

அவர் அன்றைக்கு முழுக்க லாட்ஜிலிருந்து சாப்பிட வரவில்லையாம். மறுநாள் காலையில் பெரிய அண்டாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டாராம்.

நவம்பர் 5, புதன். பௌர்ணமி

தட்டி கட்டினோம். பாய் விரித்தோம். மைக் கிடையாது. மின்னுகிற பலகையை உள்பக்கம் திருப்பிவிட்டோம். கழிப்பறை என்ற சொல்லை ஒரு எழுத்துக்கூட எடுக்க விடவில்லை நான். வெளியே தாய்மார் இளைப்பாறும் இடம் என்று மட்டும்; மேலே ஜோதியம்மாள் பெயர், அவள் கேட்ட மாதிரியே பெரிதாக.

முதலில் ஒரு தாய், கைக்குழந்தையோடு. அப்புறம் அவள் மாமியார். அப்புறம் ஒரு கல்லூரிக் கூட்டம். உள்ளே வந்து பலகையைப் பார்ப்பார்கள், அடுத்தவள் முகத்தைப் பார்ப்பார்கள், பேசாமல் பின்பக்கம் போவார்கள். திரும்பி வந்த பிறகு அவர்கள் பேச்சே வேறு. சத்தமாக. காலை நீட்டிக்கொண்டு. ஒரு கிழவி வேதாவுக்குத் திருஷ்டி கழித்து நெட்டி முறித்தாள். பொழுது சாய்வதற்குள் வரிசை ஜோதியம்மாள் வாசலைத் தாண்டிவிட்டது. விசிலுக்கு வேலை வந்தது. அருணாதேவி வாளியும் துடைப்பமுமாக நின்றாள். மஞ்சள் தண்ணீர் இல்லை, பினாயில்.

டிசம்பர் 3, புதன். தீபம்

தலை எது கால் எது என்று தெரியாத கூட்டம். இருக்கிற கதவெல்லாம் இன்னொரு மடங்கு இருந்தாலும் பத்தாது. பத்தாதுதான். அடுத்த வருஷத் தலைவி யாரோ, அவளை நிம்மதியாக இருக்க விட மாட்டேன்.

பெங்களூரிலிருந்து வந்த நாலு அம்மாக்கள் நேராக உள்ளே வந்து, "இங்கதானே லேடீஸுக்கு எடம்?" என்றார்கள். யார் சொன்னது என்று கேட்டேன்.

"லாட்ஜ்ல சொன்னாங்க. ஓனரே சொன்னாரு. வழியில பயப்படாம தண்ணி குடிங்கம்மான்னாரு."

வேதாவைப் பார்த்தேன். அவள் மோரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். கலக்க வேண்டிய அளவைவிட அதிகமாகக் கலக்கினாள்.

மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அப்படியே கை தூக்கி அரோகரா சொன்னார்கள். கதவுக்குள் இருந்தும் ஒரு அரோகரா வந்தது. அருணாதேவி என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். ரெண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

ஜனவரி 3, சனி. பௌர்ணமி

முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு எழுதுகிறேன்.

நேற்றுச் சாயங்காலமே பௌர்ணமி பிறந்துவிட்டது. அண்டாவை வினோதினியிடமும் தேவிப்ரியாவிடமும் ஒப்படைத்துவிட்டு வேதா சொன்னாள்: "நீங்க பந்தலப் பாத்துக்குங்க. நாங்க சுத்திட்டு வரோம்."

செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு ராஜகோபுரத்து வாசலிலிருந்து நடந்தோம். பாதி தூரம் வரைக்கும் அவள் என் கையை விடவில்லை. அடி அண்ணாமலை வந்ததும் நடை வேகமாயிற்று. ஜோதியம்மாள் தட்டிக்குள் போனவள் பின்பக்கம் போய்விட்டு வந்து, முகம் கழுவி, பாயில் எங்கோ ஊர்க்காரப் பெண்கள் நடுவில் இடம் பிடித்துக் காலை நீட்டினாள். யாருக்கும் அவளைத் தெரியாது. தேவிப்ரியா டம்ளரை நீட்டினாள்.

வேதா ஒரு மடக்கில் குடித்தாள். அவள் செய்முறைதான், ஆனாலும் முகத்தைச் சுளித்து, "உப்பு கம்மி" என்றாள். அப்புறம் காலி டம்ளரை மறுபடியும் நீட்டினாள்.

"இன்னொண்ணு ஊத்துடி. இன்னும் பாதி மலை இருக்குது."